மதகிலிருந்து மூன்று நாற்றுமுடி தூரம்

1

வார்சாவின் பழைய நகரம் என் அப்பாவைவிட வயதில் சின்னது. ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் நான் முதலில் அவிழ்த்துவிடும் கதை இதுதான். அரண்மனை, சிவப்பு ஓட்டுக் கூரைகள், வாளேந்திய கடற்கன்னி சிலை நிற்கும் சதுக்கம், குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள், எல்லாம் முந்நூறு நானூறு வருஷத்துப் பழசு போலவே தெரியும். வந்த புதிதில் நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் பான் ஹென்ரிக் (பான் என்றால் இங்கே ஐயா மாதிரி) ஒருநாள் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். போரின் கடைசியில் ஜெர்மானியர்கள் இந்த நகரத்தைத் தெருத் தெருவாக வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். நான் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம் கட்டியது. அவரே சின்ன வயதில் இடிபாட்டுக் குவியலில் உட்கார்ந்து செங்கல் சுரண்டியவர். பழைய சாந்தைச் சுரண்டி அடுக்கி வைத்தால் அதே கல் மறுபடி சுவருக்குப் போகுமாம்.

எனக்கு வந்த ஆர்வத்தைப் பார்க்க வேண்டுமே! நான் கட்டட வரைபடம் போடுகிறவள். தஞ்சாவூரில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தேன், சென்னையில் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரைபட வேலையை நம் பக்கம் தள்ளிவிட ஆரம்பித்த காலம் அது. அந்த வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் புருஷன், பெண் சகிதம் இங்கே வந்து சேர்ந்தேன். ஒன்றுமே மிச்சமில்லாத இடத்தில் அச்சு அசலாக எப்படிக் கட்டினீர்கள் என்று ஹென்ரிக்கைத் துளைத்தெடுத்தேன். கட்டடக்கலை மாணவர்கள் வீடு வீடாக அளந்து வரைந்த படங்கள் இருந்தன, போர்க்காலத்தில் அவற்றை ஊருக்கு வெளியே ஒரு மடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள் என்றார். அந்தக் காலத்து ராஜாவுக்காக இத்தாலியிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் தெருக்களைத் தீட்டி வைத்ததும் உதவியதாம்.

"அந்த ஓவியர் ஒரு போக்கிரி. தனக்குப் பிடித்ததைச் சில இடங்களில் சேர்த்துத் தீட்டிவிட்டார். நம் ஆட்கள் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்" என்று சொல்லிக் கண்ணடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எந்த ஜன்னல் பொய் என்று தேடிக்கொண்டு சுற்றினேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. எங்கள் தெருவை அச்சு அசலாகத் திரும்பக் கட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் எங்கள் சனம் விளக்குமாற்றோடுதான் வரவேற்கும். மழைக்கு ஒழுகும் கூரை, குனிந்தே பழகிய முதுகு, பண்ணை வீட்டு வாசலில் கைகட்டி நின்றது, இதில் எதைத் திரும்பக் கட்டுவது? போனது போகட்டும் என்று நான் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தேன்.

2

போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த புதிது. எங்கள் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க ஒரு மே மாதக் காலையில் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் என் படிவத்தைப் பேனாவால் தட்டினாள்.

"பிறந்த ஊர் முகவரியில் தெரு இருக்கிறது. வீட்டு எண் எங்கே?"

"எண் கிடையாது."

"எண் இல்லாமல் தபால்காரர் எப்படி வருவார்?"

எங்கள் தெருவுக்கு அவர் வந்ததே அபூர்வம் என்று சொல்லியிருக்கலாம். என் போலிஷ் அவ்வளவு தூரம் ஓடாது. வேற்றுமை உருபு ஏழையும் கலக்கிக் குழப்பிவிடுவேன். தோளைக் குலுக்கினேன். அவளும் தோளைக் குலுக்கிவிட்டுக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். வெளியே வந்து படியில் கால் வைக்கிறேன், தம்பி முருகேசன் போன். அவன் வலங்கைமானில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அம்மா அவனோடுதான் இருக்கிறாள்.

"அக்கா, நம்ம ஊர் வாய்க்காக் கரையில சுடுகாடு இருக்குல்ல, அதுல நெல்லு காயப்போடக் களம் போடப்போறாங்க. ரிக்கார்டுல வெறும் புறம்போக்குன்னுதான் இருக்காம்."

"அப்பா இருக்காருடா அங்க!"

"அதைத்தான் நானும் சொன்னேன். சர்வேயர் வந்தாரு. முள்ளுதான் மண்டிக் கிடக்கு, பொதைச்ச அடையாளமே இல்லையே, எங்கன்னு காட்டுங்கன்னாரு. என்னால காட்ட முடியலக்கா. களமும் வேணும்தான். போன வருஷம் ரோட்டுல கொட்டுன நெல்லு மழையில மொளைச்சுப் போச்சு. ஜமாபந்தியில மனு குடுங்க, யாரு எங்க இருக்காங்கன்னு ஸ்கெட்ச் வச்சா களத்தைத் தள்ளிப் போடலாம்னு சொல்றாரு. இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

தாலுகா ஆபீசில் வருஷத்துக்கு ஒருமுறை மனுக்களை நேரில் வாங்கும் நாட்கள்தான் ஜமாபந்தி. அதைத் தவறவிட்டால் அப்பா மேல் சிமென்ட் விழுந்துவிடும். எங்கள் தெருவில் ஒரே ஒருவரைத் தவிர யாருக்கும் கல்வெட்டு, சமாதி எல்லாம் கிடையாது. குழி, மண்மேடு, அவ்வளவுதான். இரண்டு மழையில் மேடு சமமாகிவிடும். ஒரு வெள்ளத்தில் வண்டலும் ஏறியது, அதன்மேல் கருவை முள் ஏறியது. அப்புறம் எங்கள் சனம் ஆற்றங்கரைப் பக்கம் புதைக்க ஆரம்பித்துவிட்டது.

அப்பா போனபோது நான் டிக்கெட் கிடைத்து, இரண்டு விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். எங்கே வைத்தீர்கள், நான் பார்க்க வேண்டும் என்றேன். பொம்பளை அங்கே போகக்கூடாது என்று பெரியம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். இஞ்சினியரிங் படித்தவள், ஏரோப்ளேன் ஏறியவள், நானும் உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

3

என் மகள் ரம்யாவுக்குப் பதினோரு வயது. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தாத்தாவைப் பாக்க நீ ஏன் போகக்கூடாது?" என்றாள். "நவம்பர்ல எங்க கிளாஸே கல்லறைக்குப் போறோம். மெழுகுவத்தி நான்தான் ஏத்துறேன். பாய்ஸ் பின்னாடி நிப்பாங்க."

"நம்ம பக்கம் அப்படித்தான்டி."

"ஏன் அப்படித்தான்?"

தமிழில் பாதி போலிஷைக் கலந்து பேசுகிற இவளுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று அடிக்கடி அலுத்துக்கொள்கிறவள் நான். அன்றைக்கு எனக்கே தெரியவில்லை என்பது தெரிந்தது.

குழி வெட்டிய ஆண்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். சித்தப்பா மேற்கே என்றார். அவர் பங்காளி கிழக்கே என்றார். இன்னொருவர் எல்லாரும் நடுவில்தான் என்றார். துக்கம் பாதி, சாராயம் பாதியாக நின்ற சனம், எப்படி ஞாபகம் இருக்கும்? தம்பியிடம் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது எதிர்முனையில் அம்மா போனைப் பிடுங்கினாள்.

"அவனுங்களை எதுக்குடி கேக்குறே? என்னைக் கேளு."

"நீதான் அங்க போனதே இல்லையேம்மா."

"உள்ள போனதில்ல. வாய்க்காலுக்கு இந்தாண்ட நம்ம நடவு வயல் இல்லையா? முப்பது வருஷம் அதுலதானே குனிஞ்சு கெடந்தேன். எழுதிக்க. மதகுலேர்ந்து கெழக்கால கரையோட ரெண்டு முடி வீசுற தூரம், மலாயாக்காரரு. அவருக்குத் தெக்கால ரெண்டு எட்டு, அவரு பொண்டாட்டி."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். நாற்றங்காலில் பறித்துக் கட்டிய நாற்றுக்கட்டுக்கு எங்கள் பக்கம் முடி என்று பெயர். நடவு வயலுக்குள் அங்கங்கே விழும்படி வரப்பில் நின்று வீசுவார்கள். அம்மா அதில் கெட்டிக்காரி. பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் அவளுக்கு முடிக்கணக்குதான். இடுகாட்டுக்குள் கால் வைக்கக்கூடாத பெண்கள் பக்கத்து வயலில் நின்று வருஷக்கணக்காக எல்லாரையும் பார்த்திருக்கிறார்கள். வெட்டியவர்கள் மறந்துபோனதை நட்டவர்கள் வைத்திருந்தார்கள். அம்மா மூச்சு விடாமல் முப்பத்தொரு பேரைச் சொன்னாள். பேர் வைக்காமலே போன இரண்டு குழந்தைகளும் அதில் உண்டு.

"அப்பா?"

"மூணு முடி. மூணாவது முடி விழுற எடத்துல தலைமாடு."

"அன்னிக்கு நீ வீட்டுல இருந்தியேம்மா, உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினாறு முடிஞ்ச மறுநாளே நடவுக்குப் போயிட்டேன்ல. ஈர மண்ணு மேடா இருந்துச்சு. குனியறப்பவும் பார்த்தேன், நிமிர்றப்பவும் பார்த்தேன். நாலு நாள் நடவு."

இது எனக்கு அதுவரை தெரியாது. காரியம் முடிந்த கையோடு விமானம் ஏறிவிட்டேன் நான். அம்மா வீட்டில் ஓய்வாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு இங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

4

சரி, ஒரு முடி வீசுகிற தூரம் எத்தனை அடி? இதுதான் கேள்வி. அம்மாவை ஆட்டோவில் மதகுக்குக் கூட்டிப் போனான் தம்பி. முள்ளைப் பார்த்து மலைத்துப்போய் நின்றாளாம். நடவு வயலை மண்ணடித்து மேடாக்கி மனை போட்டிருக்கிறார்கள். அதில் நின்றால் தனக்கு எதுவும் பிடிபடவில்லை என்றிருக்கிறாள். வீசிக் காட்டலாம் என்றால் மே மாதத்தில் நாற்றுக்கு எங்கே போவது? தோள் வலியில் அவள் கையும் மேலே எழும்பாது. தம்பி ஆறடி, கிரிக்கெட் ஆடியவன், அவன் வீச்சு கணக்கில் சேராது.

நான்தான் மிச்சம். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு நடவுக்குப் போனவள் நான். அம்மாவின் உயரம், அம்மாவின் கை. பத்தாவது படிக்கும்போது என் முடியும் அவள் முடியும் பக்கத்தில் பக்கத்தில் விழும்.

கடையில் இருந்த வெங்காயத்தாளை வேரோடு மொத்தமாக வாங்கினேன். வீட்டில் கல்யாணமா என்று கடைக்காரம்மா கேட்டாள். தண்ணீரில் ஊறப்போட்டு, வேர்ப்பக்கம் களிமண் அப்பி, சணல் கயிற்றால் கட்டினேன். "ஒரு கைக்கு அடங்கணும், வீசுனா தோளு இழுக்கணும், அதான் கனம்" என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். விஸ்துலா ஆற்றங்கரைப் புல்வெளிக்கு டேப்போடு போனோம். மானம் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ரம்யா டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

முதல் முடி காலடியிலேயே பொத்தென்று விழுந்தது. மவுஸைத் தவிர எதையும் தூக்காத தோள். நாலாவது, ஐந்தாவதுக்கு அப்புறம் கைக்குத் தானாக ஞாபகம் வந்தது. இடுப்பைத் திருப்பி, கையைப் பின்னால் கொண்டுபோய், அடியிலிருந்து ஒரு வீசு. அட! காற்றில் நிமிர்ந்து போய் வேர் கீழாக விழுந்தது. ரம்யா வாய் திறந்து பார்த்தாள்.

"அம்மா, இதெல்லாம் உனக்குத் தெரியுமா!"

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சீருடையில் நகராட்சிக் காவலர். என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த போலிஷெல்லாம் ஓடிவிட்டது. மிச்சமிருந்த வார்த்தைகளைக் கோத்து, "செத்தவர்களை அளக்கிறேன்" என்றேன். ரம்யா முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. புல்லில் கிடந்த வெங்காயத்தாளைப் பார்த்தார். "எந்தப் போரில்?" என்று கேட்டார்.

இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் சுவரில் ஒரு கல் பதித்திருக்கும், இங்கே இத்தனை பேரைச் சுட்டார்கள் என்று. அடியில் விளக்கு எரியும். போர் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ரம்யா முன்னால் வந்து மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள். என் தாத்தா வயல் வேலை செய்தவர், அவர் பேர் எங்கேயும் எழுதவில்லை, பாட்டிக்கு மட்டும்தான் இடம் தெரியும், இடத்தைக் காட்டாவிட்டால் அவர் மேல் சிமென்ட் போட்டுவிடுவார்கள். அவள் தாத்தாவை விவரம் தெரிந்து ஒரே ஒருமுறை, நாலு வயதில் பார்த்தவள். ஒவ்வொரு வாக்கியத்தையும் என் தாத்தா, என் தாத்தா என்றே ஆரம்பித்தாள்.

காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். போகும்போது வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டு போகச் சொன்னார். சைக்கிள் பாதைப் பக்கம் வீச வேண்டாம், ஆற்றைப் பார்த்து வீசுங்கள் என்றார். போனவர் திரும்பி வந்து இரண்டு வீச்சுக்கு டேப்பும் பிடித்தார்.

ஆரம்பத்துச் சொதப்பலைக் கழித்துவிட்டுச் சராசரி பார்த்தேன். முப்பத்திரண்டு அடி.

5

வரைபடத்தை ஹென்ரிக்கிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கி, "இதில் நகராத புள்ளி எது?" என்று மட்டும் கேட்டார். மதகு என்றேன். அது சர்க்கார் படத்திலும் இருக்கிறது. தலையை ஆட்டினார். பிறகு அப்பா பெயர் இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் விரல் வைத்தார்.

"இந்த மரம்?"

பூவரசு. அப்பாவுக்கு நிழலாக இருக்கட்டும் என்று நானாகப் போட்டது. வேர்வை காயாமலே போன மனுஷன் ஆயிற்றே என்று கை தானாகப் போட்டுவிட்டது. அம்மாவிடம் கேட்டேன். "அங்க ஏதுடி பூவரசு? மொட்டை வெயிலு" என்றாள். இத்தாலி ஓவியரை நான் போக்கிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரத்தை அழித்துவிட்டு அவரையும் மன்னித்துவிட்டேன்.

மின்னஞ்சலில் அனுப்பினேன். தம்பி கும்பகோணத்தில் பெரிய தாளில் அச்செடுத்தான். அவனும் அம்மாவும் ஜமாபந்திக்குப் போனார்கள். அங்கே நடந்ததை அவன்தான் சொன்னான். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி படத்தை விரித்துப் பார்த்து, "யாரும்மா வரைஞ்சது? சுத்தமா இருக்கே" என்றிருக்கிறார்.

"எம் பொண்ணுங்க. வார்சாவுல இருக்கு."

"அங்கேருந்துகிட்டு இந்த எடத்தை எப்படி அளந்தாங்க?"

"முடி வீசி அளந்துச்சுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "சிரிக்காதீங்க. உங்க தட்டுல விழுற சோறெல்லாம் நாங்க வீசுன முடிதான்" என்றாளாம். அதிகாரியும் சிரிக்கவில்லை. சர்வேயரைக் கூப்பிட்டு நேரில் சரிபார்த்து எழுதச் சொல்லிவிட்டார்.

மறுவாரம் புதன்கிழமை முள் வெட்ட இயந்திரம் வந்தது. தம்பி போனைக் காதில் வைத்தபடியே இருந்தான். இங்கே நான் லீவு போட்டுவிட்டு நடுக்கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். மற்ற எல்லார் மேலேயும் மண்ணைத் தவிர ஒன்றும் இருக்காது, அது தெரியும். ஆனால் மலாயாக்காரர் வெளிநாடு போய் வந்தவர். தன் பெயரைச் சிமென்ட் பலகையில் எழுதிப் பதிக்கச் சொல்லிவிட்டுச் செத்தவர். வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிருக்காவிட்டால் அது இருக்க வேண்டும். சர்வேயரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மதகிலிருந்து கிழக்கே அறுபத்துநாலு அடி, கரையோடு சங்கிலி பிடித்தார்கள்.

"என்னடா?"

"வெட்டுறாங்கக்கா... வேரு... வண்டலு..." இரைச்சலில் அவன் குரல் வந்து வந்து போனது. பிறகு கடப்பாரை எதிலோ பட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா! பலகை! மலாயாக்காரரு பேரு இருக்கு! உன் படத்துக்கும் இதுக்கும் ஒண்ணரை அடிதான் வித்தியாசம்!"

"இவரு சரின்னா மத்தவங்களும் சரிதான்" என்று சர்வேயர் சொன்னது பின்னால் கேட்டது. களத்தை மேற்குப் பக்கம் தள்ளிவிட்டு, இந்தத் துண்டை மயானம் என்று எழுதி அனுப்பினார். இப்போது அது அப்படியே பதிவாகிவிட்டது.

6

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தது போன வாரம் அம்மாவிடமிருந்து வந்த போனால்தான். நான் அழைப்பதுதான் வழக்கம், அவளாக அழைக்க மாட்டாள்.

"அந்தப் படம் இன்னும் உன் கம்ப்யூட்டர்ல இருக்காடி?"

"இருக்கும்மா."

"தொற. அப்பாவுக்குப் பக்கத்துல தெக்கால ஒரு எடம் சும்மா கெடக்கா?"

திறந்தேன். இருந்தது.

"அதுல என் பேரைப் போடு."

"சும்மா இரும்மா, இப்ப என்ன அவசரம்?" என்று கத்திவிட்டேன்.

"எதுக்குக் கத்துறே? எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். ஆனா நான் போறப்ப நீ வந்து சேரமாட்டே. அப்பாவுக்கே நாலு நாள் ஆச்சு. வந்து எறங்கினதும் எங்க எங்கன்னு ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. படத்தைப் பார்த்து நேரா நடந்து வா. உள்ள வா. யாரு என்ன சொன்னாலும் ஒக்காராத."

நான் மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அழுதது போதும். போட்டியா இல்லையா?"

அப்பாவுக்குத் தெற்கே ஒரு கட்டம் வரைந்து, அஞ்சலை என்று எழுதினேன்.

"போட்டுட்டேன்மா" என்றேன்.